பீட்சாவைத் திருத்தினேன், ரம்மியை விட்டேன்

என் மகளும் மருமகனும் நடத்தும் உணவகத்தின் பெயர்ப்பலகையில் ஒரு பிழை இருக்கிறது. விருத்தாசலத்தைத் தாண்டி, கருவேப்பிலங்குறிச்சி சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்க்கலாம். பலகை என்று பழக்கத்தில் சொல்கிறேன், அது பீங்கான். எழுத்துக்கு ஒரு ஓடு, வெள்ளைப் பரப்பில் நீல எழுத்து. எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையில் வைத்துச் சுட்டு எடுத்தது. வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யாது. எனக்குப் பிறகும் அது அப்படியே இருக்கும்.

அந்தப் பிழையை எழுதியவன் நான் இல்லை. சுடுவதற்கு முன்பே பார்த்தவன் நான். பார்த்துவிட்டு, சரி என்று டிக் போட்டுக் கொடுத்தேன்.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் பகுதியில் எதை அச்சடித்தாலும் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கட்சிக்காரர்களின் பேனர், துக்கப் போஸ்டர். ஒருமுறை ஒரு வீட்டில் உடலை எடுப்பதற்கு முன்பே போஸ்டர் வாசகத்தை என்னிடம் நீட்டினார்கள். அழுதுகொண்டு நின்ற பிள்ளையை நிறுத்தி வைத்து, ‘அஞ்சளி’யை ‘அஞ்சலி’ ஆக்கிக் கொடுத்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. “வாத்தியார் பார்த்துட்டாரு” என்றால் அச்சகத்தில் மறுபேச்சு இல்லை. ஒரு ஒற்று விடுபட்டால்கூட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது என்று என் மனைவி கேலி செய்வாள். ஏறக்குறைய உண்மைதான்.

என் மகள் தானே விரும்பித் திருமணம் செய்துகொண்டாள். ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மருமகன் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் நல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் திருமணத்துக்குப் போனேன், உட்கார்ந்தேன், சாப்பிடாமல் வந்தேன். ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. பேசவே இல்லை என்பதுதான் விஷயம். மருமகனுக்கு அப்போது பயணிகள் கப்பலில் சமையல்காரர் வேலை. ஆண்டுக்கு இரண்டு மாதம் ஊருக்கு வருவார். வந்தால் எங்கள் வீட்டுக்கும் வருவார்கள். “எப்ப வந்தீங்க?” என்று கேட்பேன். கிளம்புவதற்குள் “எப்ப கெளம்புறீங்க?” என்று கேட்பேன். அவருக்கும் எனக்கும் இருந்த உறவு அந்த இரண்டு கேள்விகள்தான்.

பிறகு அவர் கப்பலை விட்டுவிட்டு ஊரோடு வந்தார். ஊருக்கு வெளியே ஒரு கடை போடப் போவதாக மகள் சொன்னாள். பீட்சாவும் பாஸ்ட்ராமியும். பாஸ்ட்ராமி என்றால் என்ன என்று மருமகனே எனக்கு விளக்கினார். மாட்டுக்கறியை உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, மிளகும் மல்லியும் இடித்துப் பூசி, புகையில் வாட்டி, ஆவியில் வேகவைத்து, மெல்லிசாகச் சீவி ரொட்டிக்கு நடுவில் வைப்பார்களாம். கப்பலில் அதற்கு வரிசையில் நிற்பார்களாம். நான் முதல் வார்த்தையோடு நின்றுவிட்டேன்.

“மாட்டுக்கறிங்களா?” என்றேன்.

“ஆமாங்க மாமா. சாப்பிடாதவங்களுக்கு சிக்கன்லயும் செய்வேன்” என்றார்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். கறி மட்டும் என் கோபத்துக்குக் காரணம் இல்லை. வாத்தியார் மகள் ரோட்டோரத்தில் மாட்டுக்கறி விற்கிறாள் என்று ஊரில் பேசுவார்களே என்ற எண்ணம் இருந்தது. மூன்று மாதத்தில் கடையை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். மூடிவிட வேண்டும் என்று விரும்பினேன். இதை இப்படித்தான் எழுத வேண்டும்.

பிளெக்ஸ் பேனர் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், நம் ஊரில் சுட்ட பீங்கானிலேயே பெயர் இருக்கட்டும் என்பது மகளின் யோசனை. ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்று எழுத்துகளைச் செய்து தர ஒப்புக்கொண்டது. அவர்களுக்குத் தரவேண்டிய தாளை டைப் செய்தது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினிக் கடை. மருமகன் போனில் பெயரைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைக்காரருக்குப் பாஸ்ட்ராமி என்று ஒரு சொல் இருப்பது தெரியாது. ‘பாஸ்ட் புட்’ தெரியும், ‘ரம்மி’ தெரியும். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு அவர் அடித்தது இது: ‘பிட்சா & பாஸ்ட் ரம்மி.’

மகள் அந்தத் தாளை என் மனைவியிடம் கொடுத்து, அப்பா ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘பிட்சா’ என்பது பிட்சை எடுப்பதுபோல இருந்தது. பொறுக்கவில்லை. ‘பி’யின் மேல் சுழித்துப் ‘பீ’ ஆக்கினேன். அடுத்து ரம்மி. அது என்ன சொல்லாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மருமகன் விளக்கிவிட்டுப் போன அன்றே ஆங்கில அகராதியில் தேடிப் பார்த்திருந்தேன். இங்கே கறிக்குப் பதிலாக ஒரு சீட்டாட்டம் நிற்கிறது, அதுவும் வேகமான சீட்டாட்டம். பேனா அங்கே போய் நின்றது. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியாக எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் பேனாவை மூடினேன். பிறகு திறந்தேன். திறந்து, தாளின் அடியில் டிக் போட்டு, என் இனிஷியலையும் போட்டேன்.

அந்த டிக்கைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பேசாமல் திருப்பிக் கொடுத்திருந்தால் இன்னொரு முறை யாராவது பார்த்திருப்பார்கள்.

ஓடுகளைச் சுவரில் ஒட்டும்போது மருமகனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ரம்மி என்று இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். அதற்கு என் மகள் என்ன சொன்னாள் என்பதை, கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே, பெருமையாக என்னிடம் சொன்னாள் என் மனைவி. “அப்பா பார்த்து டிக் போட்டிருக்காரு, தமிழ்ல அப்படித்தான் எழுதணும்போல இருக்குதுன்னு சொல்லிட்டாளாம்.”

நான் அன்றைய செய்தித்தாளை இரண்டாவது தடவை படித்தேன்.

கடை திறந்தது. நான் போகவில்லை, மூட்டு வலி என்று சொன்னேன். மறுவாரம் டீக்கடையில் என் பழைய மாணவர் ஒருவர், அவருக்கே ஐம்பது வயதிருக்கும், எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்: “சார், மாப்ள க்ளப்பு தொறந்திருக்காராமே? மெம்பரா சேர யாரைப் பாக்கணுங்க?” டீக்கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள்ளே மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பத்து நாள் அந்த மகிழ்ச்சி இருந்தது.

கடைக்கு ஆட்கள் வந்தார்கள், வரவேண்டியவர்கள் வரவில்லை. பைக்கில் நான்கு நான்கு பேராக ஆண்கள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் காத்திருப்பார்களாம். ஒரு குழு சொந்தச் சீட்டுக்கட்டோடு வந்திருக்கிறது. குடும்பம் என்று ஒன்றுகூட வரவில்லை. போனில் ரம்மி ஆடிக் குடும்பத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பற்றித் தெருவுக்குத் தெரு கேட்கிற காலம் இது. அந்த வார்த்தையைக் கண்டால் பெண்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. தொழிற்பேட்டையில் வேலை செய்கிற ஒரு அம்மா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசல்வரை வந்தவர், அண்ணாந்து படித்துவிட்டுப் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாராம். யாரோ புகார் கொடுத்து இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். மேசைக்கு அடியில் பார்த்தார்கள், அடுப்புக்குப் பின்னால் பார்த்தார்கள், கறி ஊறுகிற பெரிய பீங்கான் ஜாடியின் மூடியைத் திறந்து பார்த்தார்கள். கறிதான் இருந்தது. ஒரு பீட்சா சாப்பிட்டுவிட்டு, நல்லா இருக்குது, போர்டை மாத்துங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் என் மனைவிதான் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள். ஒருநாள் அவள் சிரிக்காமல் சொன்னாள்: “தெனமும் காலையில அவ்ளோ மாவு பெசையுறா. சாயங்காலம் அப்படியே கொட்டுறா. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.” பிறகு, “நீங்க பார்த்துதானே குடுத்தீங்க?” என்று கேட்டாள்.

“கண்ணு கொஞ்ச நாளா மங்கலா இருக்குது” என்றேன்.

பொய்க்கு உடனே பலன் கிடைத்தது. மறுநாள் காலையில் என் மகள் கடையை விட்டுவிட்டு ஸ்கூட்டியில் வந்து நின்றாள். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை என்று அம்மா போனில் சொல்லிவிட்டாள். கடையில் ஆள் இல்லாத நேரம்தானே, வாங்க என்றாள். அந்த வார்த்தையை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கண் மருத்துவமனைக்குப் போனேன். எழுத்து அட்டையைக் காட்டினார்கள். கடைசி வரி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. நான் ‘ந’வை ‘ற’ என்று படித்தேன். ‘ப’வை ‘ம’ என்று படித்தேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை எழுத்துப் பிசகாமல் படிக்க வைத்தவன், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் படித்தேன். மருத்துவர் என்னை மட்டும் உள்ளே அழைத்துக் கருவியில் பார்த்துவிட்டு, “கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா” என்றார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் தலையைச் சாய்த்துப் பிடித்து மகள்தான் முதல் சொட்டை விட்டாள். அவள் விரலில் ஈஸ்ட் வாசம் அடித்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அடுத்து நடந்ததில் என் பங்கு எதுவும் இல்லை. மருமகன் ஒரு கரும்பலகை வாங்கி வந்து, பீங்கான் எழுத்துகளுக்குக் கீழே தொங்கவிட்டு, சாக்பீஸால் தன் கையெழுத்தில் எழுதினார்: ‘இங்கே சீட்டு கிடையாது. தட்டு உண்டு.’ மேலே பாஸ்ட் ரம்மி, கீழே இது. யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். என் போனுக்கே ஐந்து பேர் அனுப்பினார்கள். முதலில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்கள் மறுவாரம் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தொழிற்பேட்டைப் பெண்கள் ஒருநாள் மதியம் பதினைந்து பேராக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நெய்வேலியிலிருந்து கார்கள் வரத் தொடங்கின. மாடு பாதி, சிக்கன் பாதி வைத்த ரொட்டிக்கு ‘ஜோக்கர்’ என்று வாடிக்கையாளர்களே பெயர் வைத்தார்கள். தட்டைக் காலி செய்தால் “ரம்மி அடிச்சாச்சு” என்பார்களாம். பாஸ்ட்ராமி என்று சொல்ல யாருக்கும் வாயில் நுழையவில்லை, நுழைய வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. எல்லோருக்கும் அது ரம்மிக் கடை.

நான் நினைத்த மூன்று மாதம் முடிந்தபோது அவர்கள் கடையில் புது மேசைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டீக்கடையில் அதே பழைய மாணவர் அதேபோல் எழுந்து நின்றார். “சார், ஐடியா உங்களுதாமே? தெரிஞ்சேதான் அப்படி எழுத வச்சீங்களாமே. உங்க பொண்ணு கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் எங்கப்பா பார்த்துக் குடுத்த போர்டுன்னு சொல்றாங்க” என்றார். தெரிந்தேதான் என்பது உண்மை. நான் மறுக்கவில்லை. “ஏதோ ஒரு யோசனை” என்றேன். டீக்கு அவரே சொன்னார், வடையும் வந்தது. ஒரு வாரம் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் நாள் என் மனைவி, “அப்பா கெட்டிக்காரருன்னு பொண்ணு சொல்லிக்கிட்டே இருக்குது. ஒருதடவ வந்து சாப்புட்டா கொறஞ்சா போயிடுவீங்க?” என்றாள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? பஸ்ஸு பதினொண்ணரைக்கு இருக்குது” என்றாள்.

அன்று சனிக்கிழமை. கண்டக்டர் “ரம்மிக் கடை எறங்கு” என்று குரல் கொடுத்தார். என்னோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். கூரைத் தகடு போட்ட நீளமான கொட்டகை. ஒரு மூலையில் அடுப்பு. இடிந்துபோன பழைய சூளையின் நெருப்புச் செங்கலை வாங்கி மருமகன் தானே கட்டியது. முந்திரிக் கட்டை எரிகிற வாசம் சாலைவரை வந்தது. மகள் முழங்கைவரை மாவோடு நின்று ஒரே நேரத்தில் மூன்று மேசைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடுப்புப் பக்கம் திரும்பி மருமகனைக் கூப்பிட்டாள். மருமகன் ஓடிவந்து, அப்போதுதான் காலியான மேசை ஒன்றைத் துடைத்து என்னை உட்காரவைத்தார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. சிக்கனில் செய்ததைத்தான் கொண்டுவந்து வைத்தார்.

மாட்டுக்கறி இன்னும் என்னால் முடியவில்லை. அதை ஒரு கொள்கையாகச் சொல்லமாட்டேன், நாக்கின் பழக்கம். ரொட்டிக்குள் இருந்ததை ஒரு கடி கடித்தேன். மிளகு முதலில் வந்தது, மல்லி பின்னால் வந்தது, கடைசியில் புகை. வெளிநாட்டுப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் அடுக்களை அஞ்சறைப் பெட்டி பேசுவதுபோல் இருந்தது. நன்றாக இருந்தது என்று எழுதுவதற்கு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

பாதி சாப்பிட்டிருப்பேன். மகள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். “எப்படிங்க இருக்குது? கண்ணு இப்ப தேவலாங்களா?” என்றாள்.

“கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ரம்மின்னு இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் டிக் போட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. “நல்லதுக்குன்னு போட்டீங்க, அதானே?”

“இல்ல. கடை ஓடக் கூடாதுன்னு போட்டேன்.”

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு எழுந்தாள். கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

“நீ வாத்தியாராப்பா? ஊர்ல எவன் வூட்டு எழவு போஸ்டருக்கும் ஒரு புள்ளி வுடாம பார்ப்ப. பெத்த பொண்ணு கடைக்கு மட்டும் கண்ணை மூடிக்கினியா? ஒரு மாசம் மாவைக் கொட்டுனேன். தெனமும் என் கையாலேயே கொட்டுனேன். நீ என்னாடான்னா எழுத்து தெரியலன்னு எங்கிட்ட நடிச்சுக்கினு ஒக்காந்திருந்த. வெக்கமா இல்ல உனக்கு?”

இன்னும் நிறையச் சொன்னாள். கல்யாணத்தன்று நான் சாப்பிடாமல் போனதைச் சொன்னாள். எப்போது வந்தீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள் என்று அவள் புருஷனிடம் நான் கேட்பதை என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். பக்கத்து மேசைக்காரர் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. நான் தலையைக் குனியவில்லை. கல்யாணத்துக்கு முன்பு வீட்டில் என்னை அவள் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு ‘வாங்க, இருங்க, சாப்பிடுங்க’ ஆகிவிட்டது. மரியாதை என்று ஊரார் நினைத்தார்கள், எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். அன்று அந்தக் கொட்டகையில் இருபது பேருக்கு நடுவில் அவள் வாயிலிருந்து ‘நீ’ வந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. என் மகள் என்னைத் திட்டினாள். வாழ்க்கையில் எனக்குப் போர்த்தப்பட்ட எந்தப் பொன்னாடையும் இப்படி என் மேல் விழுந்ததில்லை.

மருமகன் பீட்சாவை அடுப்புக்குள் தள்ளும் நீண்ட கரண்டியோடு சற்றுத் தள்ளியே நின்றார். அவள் பேசி முடிக்கும்வரை கிட்டே வரவில்லை. முடித்ததும் வந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். என் செலவில் எழுத்துகளைப் புதிதாகச் சுட்டு மாற்றித் தருகிறேன் என்றேன்.

“வேணாங்க மாமா. இப்ப மாத்துனா கடை கைமாறிடுச்சுன்னு நெனச்சுக்குவாங்க” என்றார். கரண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, “ஆனா அந்த ஒரு மாசம் ரொம்பக் கஷ்டமாத்தாங்க இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் எனக்குத் தண்டனை வேண்டியிருக்கவில்லை. பிறகு என் தட்டைப் பார்த்தார். “ஆறிடுச்சே, சூடு பண்ணித் தரவா?”

தப்பு நல்லபடியாக முடிந்துவிட்டதால் அது தப்பில்லை என்று ஆகிவிடாது. அவர்கள் ஜெயித்தது என்னால் அல்ல, என்னைத் தாண்டி. அந்த ஓடுகளை இன்றைக்கும் யாராவது எனக்குக் காட்டி, சார், பிழை இருக்குதே என்றால், ஆமாம், என் பிழை என்று சொல்லிவிடுகிறேன். சிலர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்கிறேன்.

அன்று சூடு செய்த தட்டு திரும்பி வந்தபோது, வாசலில் ஒரு குடும்பம் வந்து நின்றது. தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு ஆறு பேர். மேசைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. என் மகள் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

“எழுந்திரிப்பா. ஆளுங்க நிக்கிறாங்க.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் இன்னும் ஒரு கூட்டம் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தது. என் மகளுடைய கடையில் எனக்கு உட்கார இடம் இல்லை. அடுப்படிச் சுவரில் சாய்ந்து, மீதியை நின்றுகொண்டே சாப்பிட்டு முடித்தேன்.